கோணல் குழலுக்கொரு கும்பிடு

குறி பார்க்காமல் சுடுவதில் கடலூருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பெருமை உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்று அளக்க யாரும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது, குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு. சென்னையில் அப்போது கவர்னராக இருந்த எலிஹு யேல் காலத்து ஏற்பாடு இது (அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருப்பது இவர் பெயரில்தான்). அப்படிக் கம்பெனிக்குச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது, குண்டு சாலையும் இருக்கிறது. இலக்கு என்று ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாததால், அன்று சுட்டதில் ஒரு குண்டுகூடக் குறி தவறவில்லை.

இந்த மரபைத் தனியொருவராகக் காப்பாற்றி வருபவர், சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடை போட்டிருக்கும் அண்ணன். கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். கெடிலத்தங்கரையில் மிஞ்சியது கொஞ்சம் செங்கல். ஆனால் அந்தப் பீரங்கிக்காரனின் தொழில்நெறி சாகவில்லை. மணலில் இரண்டு மூங்கிலை நட்டு, நடுவில் பலகை கட்டி, அதில் வரிசை வரிசையாகப் பலூன் குத்திக்கொண்டு, இன்னும் பிழைத்துக் கிடக்கிறது.

சில்வர் பீச்சுக்குப் போக முடியாதவர்களை அண்ணன் ஏங்க விடுவதில்லை. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்று மணலில் ஆற்றுத் திருவிழா நடக்கும்போது, சிறுவள்ளிக் கிழங்குக் குவியலுக்கும் ராட்டினத்துக்கும் நடுவே அவரைப் பார்க்கலாம். மாசி மகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரை வரும்போதும் இருப்பார். மார்கழி ஆருத்ராவுக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரம் போய்விடுவார். பலகை, பலூன் பாக்கெட், துப்பாக்கி எல்லாம் டிவிஎஸ் எக்செல்லின் முன்பக்கம் கோணிக்குள் அடங்கிவிடும். துப்பாக்கியின் வாய் மட்டும் கோணியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு எதிரில் வரும் அரசுப் பேருந்துகளைக் குறி வைத்தபடியே பரங்கிப்பேட்டை விலக்கைத் தாண்டும். ஓட்டுநர்கள் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. அவர்களும் அந்தக் கடையில் சுட்டுப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. மரக்கட்டையில் நீளவாக்கில் ஒரு விரிசல். அதன்மேல் கட்டுக்கம்பிச் சுற்று, கம்பி கையைக் குத்தாமல் இருக்கக் கறுப்பு டேப்பு, டேப்பு ஒட்டாமல் போன இடத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம். குழல் மடங்கும் இடத்தில் இருக்கும் திருகாணி தேய்ந்து, இப்போது அங்கே சைக்கிள் ஆரக்கம்பியில் வெட்டிய துண்டு ஒன்று பணியில் இருக்கிறது. பின்பக்கத்துக் குறிமுள்ளின் திருகு எந்தத் திருவிழாவிலோ விழுந்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு தீக்குச்சி, மருந்துள்ள தலை வெளியே தெரியும்படி செருகியிருக்கிறது. அவசரத்துக்குப் பற்ற வைக்கவும் ஆகும் என்ற முன்யோசனையை நான் உடனே மெச்சினேன்.

இந்த வகைத் துப்பாக்கியில் கேஸ் கிடையாது, மருந்தும் கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே கனமான ஸ்பிரிங் ஒன்று சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கிற காற்றை நசுக்கும், நசுங்கிய காற்று ஈய ரவையைத் தள்ளிக்கொண்டு போகும். ஆக, நலமாக இருக்க வேண்டியவை மூன்று: ஸ்பிரிங், பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வாஷர், குழலும் உடலும் சேரும் வாயில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர். பயிற்சிக்கூடங்களில் இவற்றைக் காலத்துக்குக் காலம் மாற்றி வீணடிக்கிறார்கள். அண்ணனுக்கு அந்த ஊதாரித்தனம் இல்லை. ஸ்பிரிங்கை நாள் முழுக்க இழுத்து மாட்டியபடியே வைத்திருந்தால் அது தளர்ந்துபோகும் என்பது உலகறிந்த விஷயம். அண்ணன் அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாதே என்று எப்போதும் மாட்டியே வைத்திருக்கிறார். தளர்ந்த ஸ்பிரிங்கால் ரவையின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் ஆபத்து குறைகிறது. பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு ஆழமாக யோசித்தவர்களை நான் கண்டதில்லை.

வாயடைப்பு ரப்பருக்குச் சைக்கிள் டியூப். தோல் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய். தோல் காய்ந்தால் காற்றைப் பிடிக்காது, ஆகவே எண்ணெய் வேண்டும்தான். ஆனால் சொட்டுக் கணக்கில் விடவேண்டிய எண்ணெயை அண்ணன் தலைக்குத் தேய்க்கிற தாராளத்தோடு விடுகிறார். கூடுதல் எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னால் தேங்கும். காற்று சட்டென்று நசுங்கும்போது பிறக்கும் சூட்டில் அது குப்பென்று எரியும், டீசல் எஞ்சினுக்குள் நடப்பதும் இதுதான். குழலிலிருந்து வெடிச்சத்தம், கூடவே வெள்ளைப் புகை, லேசாகத் தாளிப்பு வாசனை. ரவை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. "பொகை வந்தாத்தான் தம்பி துப்பாக்கி" என்பார். காசு கொடுத்தவருக்கும் அதே எண்ணம்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு, சுட்டதெல்லாம் இடப்பக்கம் போகும் அந்தக் கோணலைப் பற்றியது. நேராகச் சுடும் துப்பாக்கியை நேராகவே வைத்திருக்க ஒரு நல்ல திருப்புளி போதும். இடப்பக்கம் இழுக்கும் துப்பாக்கியை வருஷக்கணக்கில் அதே அளவுக்கு, கூடாமல் குறையாமல், இடப்பக்கமே இழுக்க வைத்திருப்பதற்குக் கலை வேண்டும். ஒருமுறை ஒரு பையன் துணிந்து கேட்டான்.

"அண்ணே, சைட்டு ஒரு பக்கமா இழுக்குதே?"

"கண்ணு இழுக்கும் தம்பி. காலையில சாப்ட்டியா?"

பையன் சாப்பிடவில்லை போலும், தலை குனிந்துவிட்டான். அப்படியும் நம்பாதவர்கள் இருந்தால் அண்ணன் துப்பாக்கியைத் தாமே வாங்குவார். கட்டையைக் கன்னத்தில் சரியாக ஒட்டக்கூட மாட்டார். சுடுவார், சொன்ன பலூன் வெடிக்கும். துப்பாக்கியில் குறையில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஊருக்கெல்லாம் கோணலாக இருப்பது உரியவருக்கு மட்டும் நேராக இருக்கிறது. அரசு அலுவலகக் கோப்புகளிலும் இந்தத் தொழில்நுட்பத்தைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே புகை வருவதில்லை.

அதற்காகச் சுடுகிறவர் ஏமாந்து திரும்புவார் என்று நினைத்துவிடக் கூடாது. பலூன்களை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்படி நெருக்கமாகக் குத்தி வைத்திருப்பதன் கருணையே அதுதான். சிவப்பைக் குறி வைத்தால் பக்கத்திலிருக்கும் மஞ்சள் வெடிக்கும். மஞ்சளைக் குறி வைத்ததாக நாம் முடிவு செய்துகொள்ளலாம், பக்கத்தில் நிற்கும் மனைவி மக்களும் ஒத்துக்கொள்வார்கள். பரிசு உள்ள இடம் வேறு. நூலில் தொங்கும் நாணயம், ஓரத்தில் தனியாக நிற்கும் சோப்புக்கட்டி. அவற்றுக்கு அக்கம்பக்கம் கிடையாது. அந்தச் சோப்பின் உறை கடல் வெயிலில் வெளுத்து, எந்தக் கம்பெனிச் சோப்பு என்பதே தெரியாமல் போய்விட்டது.

பழுதுபட்ட துப்பாக்கியின் அருமையைச் சரித்திரம் அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். இளவயதில் சென்னையில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ், வாழ்க்கை வெறுத்துத் தன் தலையிலேயே கைத்துப்பாக்கியை வைத்து இருமுறை அழுத்தியும் அது வெடிக்கவில்லை என்றொரு கதை உண்டு. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது வேஷம் மாற்றித் தப்பித்து அவர் வந்து சேர்ந்தது நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குத்தான், பின்னால் அதற்கே அதிகாரியாகவும் ஆனார். அந்தக் கைத்துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டவர் யாரோ, ஊர் பேர் தெரியவில்லை. அண்ணனின் முன்னோராக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

இந்த இடத்தில் சிலர் இளவேனில் வாலறிவனை இழுப்பார்கள். கடலூரில் பிறந்தவர், பத்து மீட்டர் ஏர் ரைபிளில் 2019-இல் ரியோ உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் நின்றவர். உண்மைதான். ஆனால் அவர் வளர்ந்ததும் பழகியதும் அகமதாபாத்தில், துப்பாக்கி சுடும் வீரர் ககன் நாரங்கின் பயிற்சிக்கூடத்தில். அங்கே இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் தொட, இருநூறு பார் அளவுக்கு அடைத்த காற்றுச் சிலிண்டர் பொருத்திய துப்பாக்கி (முன்பெல்லாம் கரியமிலவாயு, அது சூட்டுக்குச் சூடு அழுத்தம் மாறுகிறது என்று கைவிட்டார்கள்), கண்ணுக்குத் தனிச் சட்டம், உடம்பு அசையாமலிருக்க விறைப்பான கோட்டு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒத்துப்போகிற ரவையைப் பொறுக்கி எடுக்கும் சோதனை. ரவையின் விட்டம் நாலரை மில்லிமீட்டர். அண்ணன் கடையிலும் அதே நாலரைதான், ஒரு நூலிழை வித்தியாசம் இல்லை. இத்தனை வசதி கொடுத்தால் யார்தான் அடிக்க மாட்டார்கள்? அந்தப் பெண் சில்வர் பீச்சிலேயே பழகியிருந்தால் இடப்பக்கம் எவ்வளவு சாய்வது என்ற நம் ஊர்க் கணக்கைக் கற்றிருப்பார். ரியோவில் அந்தக் கணக்கு எப்படிப் பலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போதுதான், மாவட்டத்தில் நல்ல சுடுதளங்களை மூலைக்கு மூலை கட்டிக் குழந்தைகளைக் கெடுக்காமல் விட்ட பெரியவர்களின் தொலைநோக்கு விளங்குகிறது.

சட்டமும் அண்ணனின் பக்கம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் நாலரை மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ ரவையின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோதான் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அண்ணனுடையது எத்தனை ஜூல் என்று யாரும் அளந்ததில்லை, அளக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஸ்பிரிங்கைப் பார்த்தாலே ஜூலுக்கே இரக்கம் வந்துவிடும். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் தேதி முடியக் காத்திருப்பார்கள். அண்ணன் அந்த நாட்களிலும் கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லா நிறப் பலூனையும் சுட வைத்துக்கொண்டிருப்பார். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஓர் இயக்கமே தொடங்கிப் பறவைகளைக் காப்பாற்ற மக்கள் தங்கள் காற்றுத் துப்பாக்கிகளை அரசிடம் ஒப்படைத்தார்கள். இங்கே அந்தச் சிரமமும் வைக்கவில்லை. பலகைக்கு மேலேயே காகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சுடுதளத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

விளையாட்டுத் துப்பாக்கிகள் புழங்கும் மற்ற நாடுகளில் மனிதர்களை மிகவும் அவமதிக்கிறார்கள். ஜப்பானில் 1970-களில் தொடங்கியது ஏர்சாஃப்ட் என்கிற விளையாட்டு. அங்கே அசல் துப்பாக்கி கிடைப்பது அருமை என்பதால் பார்வைக்கு அசலைப் போலவே செய்து, ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணியைச் சுட்டு ஆடுகிறார்கள். மணியின் எடை 0.2 கிராம், விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் போனாலும் ஆற்றல் ஒரு ஜூல்தான். அந்த ஒரு ஜூலுக்குப் பயந்து, கண்ணை மூடும் கண்ணாடி போடாதவரை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். உள்ளே நுழையுமுன் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் கருவி வைத்து அளப்பார்கள். எவ்வளவு அவநம்பிக்கை! நம் அண்ணன் சுடுகிறவருக்கும் கண்ணாடி கொடுப்பதில்லை, வேடிக்கை பார்ப்பவருக்கும் கொடுப்பதில்லை. ஈய ரவை பலகையில் பட்டு எகிறித் திரும்பி வரும், உண்மைதான். எங்கே வரும் என்று தெரியாது என்பதால் யாரும் முன்கூட்டியே பயப்படுவதற்கில்லை. பலகைக்குப் பக்கத்திலேயே, ரவை போகும் வழிக்கு ஒரு முழம் தள்ளி, அவருடைய மகன் பலூன் ஊதி முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். எட்டு வயது இருக்கும். துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது இழுக்காத பக்கத்தில்தான் நிற்கிறான். கோணலைத் திருத்தாமல் வைத்திருப்பதன் குடும்ப நியாயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரவைகளை அண்ணன் வாயில் அடக்கிக்கொள்வார், கைக்கு உடனே எடுக்க வாகாக. கூட்டம் குறைந்த நேரத்தில் அதே வாயில் மிளகாய் பஜ்ஜி. பெட்ரோலில் ஈயம் கூடாதென்று 2000-த்திலேயே விரட்டிவிட்ட நாடு இது. துரத்தப்பட்ட ஈயம் எங்காவது தங்க வேண்டாமா?

பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் விற்பதும் ஆறு மில்லிமீட்டர் மஞ்சள் மணி சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கிதான். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று 2021 ஜனவரி முதல் ஒரு விதி இருக்கிறது. அவருடைய அட்டைப் பெட்டிகளிலும் ஏதோ முத்திரை இருக்கிறது. எழுத்து மட்டும் நமக்குப் படிக்க வரவில்லை. அந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பே தேவையில்லை, வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் உடைந்துவிடும்.

பராமரிப்பின் மறுகரையைக் காண வேண்டுமென்றால் சிதம்பரத்தில் என் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேஸில் இயங்கும் ஏர்சாஃப்ட் ரைபிள் ஒன்று இருக்கிறது, அமெரிக்கப் படைவீரன் தோளில் தொங்குவதை அச்சு வார்த்தாற்போல. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரப் பையன் வழியாக வந்தது. எந்த வழியாக வந்தது என்று மேற்கொண்டு கேட்கும் அளவுக்கு நான் நாகரிகமற்றவன் அல்ல.

அந்த ரைபிளுக்கு நடக்கும் உபசாரத்தில் பாதி வீட்டில் இருப்பவர்களுக்கு நடந்தால் அந்தக் குடும்பம் எங்கேயோ போயிருக்கும். சனிக்கிழமை காலை பீரோவிலிருந்து வெல்வெட் துணியில் சுற்றி வெளியே வரும். மணிகளும் கேஸும் சேர்ந்து அடைபடும் மேகசினைக் கழற்றுவார். வால்வைத் திருகி எடுத்து, அதிலிருக்கும் ஓரிங் என்கிற ரப்பர் வளையம் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். குழலின் தலைமாட்டில் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டு இருக்கிறது. அதன் கூரையில் சின்னதாக ஒரு மேடு. மணி கடந்து போகும்போது அந்த மேடு மேற்புறத்தை உரசி, மணியைப் பின்பக்கமாகச் சுழல விடும். அந்தச் சுழற்சியால் மணி சட்டென்று கீழே விழாமல் மிதந்தாற்போல் நெடுந்தூரம் போகும். மேடு நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் மணி பக்கவாட்டில் வளைந்துவிடும். ஆகவே அதைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, விட்ட சொட்டையும் துடைத்துவிடுவார். தையல் மிஷின் எண்ணெய் போட்டால் ரப்பர் ஊதிப் போகும், அது மகாபாவம் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதைத்தான் சிபாரிசு செய்தார். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

இவ்வளவும் செய்து முடித்துச் சுடுவாரா என்றால், மாட்டார். கேஸ் இல்லை. இதற்குரிய கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேன், அதில் கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். அந்த டப்பா நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. சமையலறைச் சிலிண்டரை அவர் பார்க்கும் பார்வை சரியில்லை என்று அவர் மனைவி மூன்று தெரு தள்ளியிருக்கும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறார். கரியமிலவாயுவில் ஓடுகிற மாதிரியும் உண்டு, பன்னிரண்டு கிராம் குப்பியில் வரும். அந்த வாயு 31 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். சிதம்பரத்தில் சித்திரை மாதத்தில் 31 டிகிரி காலை எட்டு மணிக்கே தாண்டிவிடும். "இந்த க்ளைமேட்டுக்கு இது சரிப்படாது" என்று சொல்லிக்கொண்டே மறுபடி துடைப்பார். துடைக்கும்போது, 1781 ஜூனில் இதே ஊர்க் கோயிலுக்குள் இருந்த ஹைதர் அலியின் ஆட்களைத் தாக்கிவிட்டுக் கம்பெனித் தளபதி ஐர் கூட் தோற்றுத் திரும்பிய கதையையும், அடுத்த மாதம் முதல் தேதி பரங்கிப்பேட்டையில் கணக்குத் தீர்த்த கதையையும் சொல்வார். கையில் அந்த ரைபிள் இருக்கும்போது கேட்டால், ஜெயித்தவர்களில் அவரும் ஒருவரோ என்று தோன்றும்.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டது அந்தக் கூடத்தில்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் வைத்த வேல்கள். ஔவை பார்த்துவிட்டு, இங்கே எல்லாம் இப்படி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னார். அது கேலி என்று தமிழாசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஔவை மெய்யாகவே பூரித்துப் போயிருப்பார். போருக்கே போகாத வேலுக்கு வாரம் தவறாமல் நெய் பூசுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! என் நண்பர் தொண்டைமானின் நேர் வாரிசு. அண்ணன் அதியமான் பக்கம், பகைவரைக் குத்தாமலேயே முனை முறிந்து பட்டறையில் கிடக்கும் ஒரு புது வகை.

இரண்டு அரசுகளுக்கும் இடையே தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. ஆனித் திருமஞ்சனத்துக்கு அண்ணன் சிதம்பரம் வந்திருந்தார். நண்பரின் மேகசினில் ஓர் ஓரிங் வெடித்துக் கசிவு கண்டிருந்தது. உப்புக்காற்றும் வெயிலும் ரப்பரை விட்டுவைக்குமா? அந்த அளவு ஓரிங் ஆர்ஓ தண்ணீர் சுத்திகரிப்பான் கடையில் இல்லை, பம்புசெட் கடையிலும் இல்லை. நண்பர் நிலைகுலைந்து போனார். சுடாத துப்பாக்கியில் கசிவு இருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. தூதனுக்கு அது அழகில்லை.

தேர் நிலைக்கு வந்த மறுநாள், கூட்டம் வடிந்த மத்தியானம், நண்பர் துண்டில் சுற்றிய மேகசினோடும் ரைபிளோடும் கடைக்கு வந்தார். இப்படி ஒன்றை வீதியில் பிரிப்பது உசிதமா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். வெயிலுக்குப் பந்தல் நிழலில் ஒதுங்கியிருந்த காவலர் ஒருவர் எங்களைப் பார்த்தார், பலூன் பலகையைப் பார்த்தார், கடைச் சாமான் என்று முடிவு செய்துகொண்டு கண்ணை மூடினார். மாவட்டத்தின் அமைதி இப்படிப்பட்ட நிதானத்தால்தான் காக்கப்படுகிறது.

அண்ணன் மேகசினை வாங்கி முகர்ந்து பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டினார். வால்வைத் திருகியதும், நண்பர் பூதக்கண்ணாடியை நீட்டினார். அண்ணன் அதை மகனிடம் கொடுத்துவிட்டு, வாயில் இருந்த ரவைகளை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, எக்செல்லின் பெட்டியிலிருந்து டியூப் துண்டை எடுத்தார். ஆணித்தலையை அச்சாக வைத்துக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டினார். பிறகு, நண்பர் தடுப்பதற்குள், தேங்காய் எண்ணெய். நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. குழலின் தலைமாட்டு ரப்பரையும் கழற்றி, "இது என்னா சார் மேடு, தேஞ்சு கெடக்கு" என்று நகத்தால் ஒரு அழுத்து அழுத்தித் திருப்பிப் போட்டார்.

பெட்டிக்கடையிலிருந்து லைட்டர் கேஸ் டப்பா வந்தது. அது பியூட்டேன், அழுத்தம் மிகவும் குறைவு, இதற்குப் போதாது என்று நண்பர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நிரப்பி முடிந்துவிட்டது. கசியவில்லை. வாரக்கணக்கில் பூதக்கண்ணாடிக்குப் பிடிபடாதது டியூப் துண்டுக்குப் பிடிபட்டுவிட்டது. நண்பர் நடுங்கும் கையால் ரைபிளைத் தோளில் சாத்தி, பலகையின் நட்டநடுச் சிவப்பைக் குறி வைத்தார். பீரோவை விட்டு வந்து அது சுடுகிற முதல் சூடு. புஸ்ஸென்று ஒரு சத்தம். மஞ்சள் மணி சோம்பேறித்தனமாகக் கிளம்பியது, பாதி வழியில் இடப்பக்கம் திரும்பியது, வரிசையின் கடைசியிலிருந்த ஒரு பச்சைப் பலூனில் பட்டு, அதை உடைக்காமல் செல்லமாகத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது.

நண்பரின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "பார்த்தீங்களா, வேலை செய்யுது!" என்றார். பர்ஸை எடுத்து எவ்வளவு என்று கேட்டார். அண்ணன் காசை வாங்கிக்கொண்டு, ரைபிளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரி சார். இடப்பக்கம் போறதுக்கு எதுக்கு சார் கேஸு? நம்மளது வெறுங்காத்துலயே போவுதே."